நடுத்தூணின் கீழே நிற்க வேண்டியவர்

மருதங்கோட்டை அரசர் செண்பகராயரிடம் அம்பலவாணர் என்றொரு பாலத்து அதிகாரி இருந்தார். பாலங்கள், மதகுகள், சாலையோரத் தடுப்புச் சுவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கீழே பன்னிரண்டு கல்தச்சர்கள். நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, ஆற்றின்மேலேயே பிழைப்பு நடத்திய அந்த மனிதருக்கு நீச்சல் தெரியாது. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். பாலம் இடிந்தால் முதலில் முழுகப்போவது தான்தான், அந்தப் பயத்தில்தான் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பார்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் மூத்த தச்சர் கூத்தன் ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணை மூழ்கிப் பார்த்தார். அடிக்கல் விரிசலுக்குள் முழங்கை வரை கை போகிறது என்றார். அம்பலவாணருக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆட்கள் நடக்கலாம், பாரம் போகக்கூடாது, மூன்று மாத வேலை இருக்கிறது என்று அரசரிடம் போய்ச் சொன்னார்.

அரசரின் முகம் சுருங்கியது. பத்தாம் நாள் அவருடைய மாமனார் வருகிறார். முப்பது யானைகளோடு தாமே பாலம் கடந்து வந்து வரவேற்பதாக அவருக்கு ஓலை அனுப்பியாகிவிட்டது.

அம்பலவாணரின் பதவியில் தன் மைத்துனரை உட்காரவைக்க வெகுநாளாக ஆசைப்பட்டவர் அமைச்சர் பூவராகர். பாலம் மலைபோல் நிற்கிறது, அதிகாரிதான் தொடைநடுங்கி என்றார். யானைகள் போகும்போது பாலத்துக்குப் பொறுப்பானவரை நடுத்தூணின் கீழே நிறுத்தினால் பாலம் தானாகவே தாங்கும் என்று யோசனையும் சொன்னார். இருந்த கோபத்தில் அரசர் சரி என்றுவிட்டார்.

அம்பலவாணர் கும்பிட்டார்.

"உத்தரவு, மகாராஜா. நான் தொடைநடுங்கிதான். என் மனைவியும் தினமும் அதைத்தான் சொல்கிறாள். ஆனால் ஒரு சந்தேகம். பாலம் தாங்காது என்று சொன்னவன் நான். தாங்கும் என்று பொறுப்பாகச் சொன்னவர் அமைச்சர். யானைகள் போகப்போவது அவர் பேச்சை நம்பித்தானே? அப்படியானால் கீழே நிற்க வேண்டியவர் யார்?"

அரசர் தாடியைத் தடவினார். பிறகு, அமைச்சரே நிற்கட்டும் என்றார்.

பூவராகருக்கு வியர்த்தது. எதற்கும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர், உச்சிவேளைக்குள் இடுப்புவரை நனைந்து திரும்பினார். நடுத்தூணில் விரிசல், பக்கத்துத் தூண்களில் விரிசல், கைப்பிடிச் சுவரிலும் விரிசல், மொத்தம் பதினேழு என்றார். ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட விடக்கூடாது என்றார்.

அரசர் அம்பலவாணரைப் பார்த்தார்.

"நீர் எத்தனை கண்டீர்?"

"ஒன்றே ஒன்று, மகாராஜா. பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்று. அமைச்சர் தனியாளாக அரை நாளில் பதினேழு கண்டிருக்கிறார். இனி அவர் ஒருவரே போதும். நாங்கள் பதின்மூன்று பேரும் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறோம்."

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. மூன்று மாதம் என்ன, நான்கு மாதமே எடுத்துக்கொள்ளச் சொன்னார். பத்தாம் நாள் யானைகளைக் கரையிலேயே நிறுத்திவிட்டு, பாலத்தில் நடந்தே போய் மாமனாரை அழைத்துவந்தார்.