லிஃப்ட் எப்படி இருக்கு?

விருத்தாசலத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே பெரிய டாக்டர் புருஷோத்தமன் முழங்கால் வலிக்கென்று ஒரு மின்சார மெஷினை இறக்கியிருந்தார். பிசியோதெரபியில் புதிதாய்ச் சேர்ந்த தில்லைநாயகியோ அதே வலிக்கு உடற்பயிற்சிதான் கொடுத்துவந்தாள்.

ஒருநாள் மருத்துவமனையின் முதலாளியம்மாவை மாடிக்கு அழைத்துவந்தார் டாக்டர். "மெஷின்ல படுத்த அத்தனை பேருக்கும் வலி போயிடுச்சும்மா. நானே ஆராய்ச்சி பண்ணிட்டேன். பயிற்சி அறையை மூடிட்டு இன்னும் மெஷின் வாங்கிடலாம்."

தன் வேலை போய்விடும் என்று தில்லைநாயகிக்குப் புரிந்தது. "எப்படி சார் ஆராய்ச்சி பண்ணீங்க?"

"நேராவே கேட்டேன்!" மெஷினிலிருந்து எழுந்த பெரியவரை அதட்டினார். "என்னய்யா, வலி போயிடுச்சுல்ல?"

"போயே போச்சுங்க!"

தில்லைநாயகி முதலாளியம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டாக்டர், இதே குரல்ல நம்ம லிஃப்ட் எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றார்.

டாக்டர் விழித்தார். ஆனாலும் கேட்டார். "லிஃப்ட் நல்லா இருக்குல்ல?"

"அருமைங்க! வழுக்கிக்கிட்டு மேல வந்தேனுங்க!"

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட்டே கிடையாது.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க சார்," என்றாள் தில்லைநாயகி. "சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு மெஷின், பாதிப் பேருக்குப் பயிற்சி கொடுப்போம். யாருக்கு எதுன்னு தெரியாத வெளியாள் கேட்கட்டும்."

அப்படியே செய்தார்கள். பயிற்சி செய்தவர்கள் வலியில்லாமல் உட்கார்ந்து எழுந்து காட்டினார்கள். பயிற்சி அறை தப்பியது. மெஷின் பக்கம் விழுந்த பெரியவர் வெளியாளிடம் மனம்விட்டுச் சொன்னார்:

"தங்கமான மெஷின் தாயி! படுத்தா சுகமா தூக்கம் வருது. வலியா? அது பாட்டுக்கு இருக்கு."