சுனைக்கரையில் ஒரு புலிப்படம்

ஒரு மலைக்காட்டில் கூரன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. தன் வளைச்சுவரில் படம் வரைந்து, தானே பார்த்து, தானே மெச்சிக்கொள்ளும்.

கோடையில் அந்தக் காட்டுக்கு ஒரே சுனைதான். அதன் கரையில் பெரிய பாறை ஒன்று சும்மா கிடந்தது. "அதில வரையட்டுமா?" என்று கேட்டது கூரன்.

"வரை. நல்லா இல்லைன்னா பாறையைக் குரங்குகளுக்குச் சறுக்கி விளையாடக் கொடுத்துடுவோம்" என்றது அங்கே தண்ணீர் குடிக்க வந்திருந்த மிளா மான்.

கூரன் செம்மண்ணும் கரியும் குழைத்து, உதிர்ந்த முள்ளால் ஒரு புலியை வரைந்தது. மீசைமுடி ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மிளா வந்து மோந்து பார்த்தது. "மண்வாசனை நல்லா இருக்கு. படம் எங்கே?"

"இதுதான் படம். புலி!"

"புலி வாசனை வரலையே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போயிற்று.

கூரனுக்கு முகம் செத்துவிட்டது. 'இந்தக் காட்டுக்குக் கண் மூக்கில்தான் இருக்கிறது' என்று பொருமியது. புலி சிறுநீர் கழித்த மரத்தடிக்குப் போய் ஈரமண்ணை அள்ளிவந்து, அதைக் குழைத்துப் படத்தின் மேல் பூசியது.

மறுநாள் சுனைப்பக்கம் ஈ காக்கை இல்லை. 'படம் அவ்வளவு தத்ரூபம்!' என்று கூரன் பூரித்தது.

அதற்கடுத்த நாள் ஒரே ஒருவர் வந்தார். புலி. கூரன் புதருக்குள் பதுங்கிக்கொண்டது. புலி பாறையை மோந்தது. "நான் ஏற்கெனவே இங்கே வந்திருக்கேன் போல" என்றது.

ஆசை யாரை விட்டது? "படம் எப்படி இருக்கு?" என்று கேட்டது புதர்.

"எந்தப் படம்?" என்றது புலி. தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டது.

கூரன் வாடிப்போய்த் திரும்பும் வழியில், மரத்துக்குப் பின்னால் மிளா குட்டியோடு நின்றிருந்தது. குட்டியின் நாக்கு வறண்டு தொங்கியது. "புலி போயிடுச்சா?" என்று கேட்டது மிளா.

கூரனுக்கு வெட்கமாக இருந்தது. அப்போதே ஓடி, ஈரப்புல்லால் பாறையைத் தேய்த்துக் கழுவியது. குட்டி வயிறு முட்டக் குடித்தது. "இங்கே வர்றவங்களுக்குத் தண்ணியைத் தவிர வேற என்ன வேணும்?" என்று கூரன் முதல்முறையாகக் கேட்டது.

"உப்பு" என்றது மிளா.

கூரன் உவர்மண் குழைத்து, மிளாவும் குட்டியும் தண்ணீர் குடிப்பதாக வரைந்தது. காடே திரண்டு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் நக்கினார்கள். உச்சிவெயிலுக்குள் ஒரு காது மட்டும்தான் மிஞ்சியது.

"கூரன் மாமா, படம் ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னும் இருக்கா?" என்று கேட்ட குட்டி, அந்தக் காதையும் நக்கிவிட்டது.

கூரனுக்கு நெஞ்சு கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. பிறகு மண் அள்ளக் கிளம்பியது.

ஊர் கூடும் இடத்தில் படைக்க வருகிறவன், ஊர் அங்கே எதற்குக் கூடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.