மேனேஜர் போட்ட சட்டம்

மேனேஜர் தில்லைநாயகத்துக்குச் சட்டம் போடுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. எந்த லேப்டாப் பழுதோ, அதிலிருந்தே ஆன்லைனில் புகார் வரணுமாம். வாயால் சொன்னால் செல்லாதாம்.

அந்த மகா புத்திசாலி ஒருநாள் தன் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளையே அழித்துவிட்டார். முதலாளி வந்து நிற்கிறார். கணக்குக் காட்ட நெட் இல்லை.

"மரகதம்! உடனே சரிபண்ணு, இல்லேன்னா வீட்டுக்குப் போ!" என்று கத்தினார் தில்லைநாயகம்.

ஆபீஸ் லேப்டாப்களைப் பழுது பார்க்கும் மரகதம் கைகட்டி நின்றாள். "புகார் இன்னும் வரலையே சார்."

"நெட்டே இல்லாம எப்படி அனுப்புறது? உனக்கு மூளை இருக்கா?"

"இதையேதான் சார் இந்த ஆபீஸே உங்களைக் கேட்டுச்சு. சட்டம்னா சட்டம்னீங்க."

முதலாளி திரும்பினார். "எந்த மடையன்யா இந்தச் சட்டத்தைப் போட்டது?"

மரகதம் தன் போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, போன் நெட்டில் டிரைவரை இறக்கினாள். வைஃபை வந்துவிட்டது. தில்லைநாயகம் முதல் வேலையாக அந்தச் சட்டத்தை அழித்தார்.