களைத்துப்போன கொக்கு

பனங்கோட்டை ராஜாவின் சபையில் காவல்காரன் கொம்பையா தலையைத் தொங்கப்போட்டு நின்றான். அவன் செய்த குற்றம் வேறொன்றுமில்லை, அண்ணாந்து பார்த்ததுதான்.

முந்தின நாள் பொழுது சாயும் நேரம். கொத்தளத்தில் காவல் நின்றவன் வானத்தில் ஒரு வெளிச்சத்தைக் கண்டான். தாம்பாளம் மாதிரி வட்டம். காற்றை எதிர்த்து வந்து, கோட்டைக்கு நேர் மேலே நின்று, விசுக்கென்று மேற்கே பறந்து மறைந்தது. கொம்பையா அபாய முரசை விளாசித் தள்ளிவிட்டான். கோட்டையே அல்லோலகல்லோலப்பட்டது.

பொய் முரசு அடித்தவனுக்கு அங்கே ஒரே தண்டனைதான். தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கோட்டைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

தளபதி மார்த்தாண்டர் கனைத்தார். யானைக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது.

"மகாராஜா! தீர விசாரித்துவிட்டேன். வந்தது கொக்கு. வயிற்றில் அந்தி வெயில் பட்டு மின்னியிருக்கிறது. அவ்வளவுதான்!"

"கொக்கு அந்தரத்தில் நிக்குமாங்க, எசமான்?"

"களைத்துப்போன கொக்கு!"

"வட்டமா இருந்துச்சுங்களே..."

"கொழுத்த கொக்கு! வாயை மூடுடா!"

சபை கொல்லென்று சிரித்தது. ஒருவேளை கொக்குதானோ என்று கொம்பையாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"சரி, கொக்குதான்," என்றார் ராஜா. "இவன் தலைப்பாகையைக் கழற்றுங்கள்."

கொம்பையாவின் கை தானாகத் தலைக்குப் போனது. அப்போது எழுந்தார் தாண்டவராயர். யார் குரலையும் அப்படியே பேசிக்காட்டும் குறும்புக்கார மந்திரி.

"பிரமாதமான விளக்கம்! கொக்கேதான். ஆனால் மகாராஜா, கட்டியக்காரன் வாசலில் காத்திருக்கிறான். நேற்று நீங்கள் செய்ததை ஒன்று விடாமல் இன்று சந்தையில் முழங்க வேண்டும். உங்கள் தாத்தா போட்ட சட்டம். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இப்படிச் சொன்னால் சரியாக இருக்குமா பாருங்கள்."

காதில் கையை வைத்து, கட்டியக்காரனின் கீச்சுக் குரலில் எடுத்துவிட்டார்:

"பராக்! பராக்! கொக்கு வந்த சேதி கேட்டு, குடுகுடுவென்று ஓடி, நெல்லுக் குதிருக்குள் குதித்து ஒளிந்த கொற்றவர் வாழ்க!"

ராஜாவின் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது.

"கொக்கா? எந்த மடையன் கொக்கு என்று சொன்னது?"

"அதானே மகாராஜா!" என்று முந்திக்கொண்டார் மார்த்தாண்டர். "கொக்குக்கு அவ்வளவு வெளிச்சம் ஏது? கொக்கு எங்கேயாவது அந்தரத்தில் நிற்குமா? எனக்கு அப்போதே சந்தேகம்!"

"பின்னே அது என்ன?"

"இன்னதென்று எவராலும் சொல்ல முடியாத, மகா பயங்கரமான பொருள்!"

"அப்படியே முழங்கச் சொல்லுங்கள். கொம்பையா முரசு அடித்தது சரிதான். தலைப்பாகை அவன் தலையிலேயே இருக்கட்டும். ஒரு பட்டுத் துண்டும் கொடுங்கள்!"

கொம்பையாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ராஜா மட்டும் தாண்டவராயரை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அது கிடக்கட்டும் ஓய். குதிருக்குள் கும்மிருட்டு. நான் குதித்ததை ஒரு ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. உமக்கு எப்படித் தெரியும்?"

தாண்டவராயர் இடுப்பைத் தடவிக்கொண்டார்.

"குதித்ததும் காலுக்கடியில் நெல்லு கொஞ்சம் மெத்தென்று இருந்ததே, கவனித்தீர்களா மகாராஜா? அது நெல்லு இல்லை. நான்தான்."