செத்ததும் வாரேன்ப்பா

புன்னைவிளை கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குற்றாலிங்கத்தின் குடும்பத்தில் மூளைக்குக் குறைவே கிடையாது. யாரும் அதை எடுத்துப் புழங்கவில்லை, அவ்வளவுதான். கடையின் மேல்தட்டில் விற்காமல் கிடக்கிற குத்துவிளக்கு மாதிரி, அட்டைப்பெட்டியோடு அப்படியே புதுசாக இருந்தது.

வீட்டில் குற்றாலிங்கம், அவர் மனைவி பிரமு, தம்பிகள் ஆவுடையப்பன், சொரிமுத்து. இவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பிள்ளை தரணீஷ். வயது பதினைந்து. அந்த வீட்டில் மூளையைத் தினமும் உபயோகித்தவன் அவன் ஒருவன்தான். அதையும் போனில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவதற்கே உபயோகித்தான்.

குற்றாலிங்கத்துக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. எட்டு மணிக்கு மகனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முன்பெல்லாம் தரணீஷ் அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தன் தட்டில் அப்பளம் இருக்கும்போதே அப்பா தட்டிலிருந்து எடுத்து நொறுக்குவான். அவர் "ஏல, ஏல" என்று கையைத் தட்டிவிடுவார். இப்போது அவர் தட்டில் அப்பளம் முழுசாகக் கிடந்து நமத்துப்போகிறது. அதைப் பார்த்தால் அவருக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார்.

சாப்பிடக் கூப்பிட்டால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் அறைக்குள்ளிருந்து ஒரே பதில்தான் வரும்.

"செத்ததும் வாரேன்ப்பா."

பள்ளிக்கூடத்தில் இந்த மாதிரி விஷயங்களுக்கு யோசனை சொல்ல ஒரு மேடம் இருந்தார். அண்ணன் தம்பி மூவரும் கடையைப் பூட்டிவிட்டு அவரைப் போய்ப் பார்த்தார்கள். மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அவன் எதிர்ல ஒரு கடிகாரத்தை வைங்க. ஏழு மணி வரைக்கும்தான் விளையாட்டுன்னு சொல்லிடுங்க. கடிகாரத்துல ஏழு அடிச்சா நிறுத்தணும். அதுவரைக்கும் நீங்களும் அவனைத் தொந்தரவு பண்ணக் கூடாது."

கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி மகன் மேசையில் வைத்தார்கள். தரணீஷ் அதிலிருந்து பேட்டரியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். முள் ஏழுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. மூவரும் அறை வாசலில் கைகட்டிக் காத்திருந்தார்கள். வெளியே இருட்டியது.

"என்னண்ணே, ஏழு ஆகுததுக்குள்ள இப்படி இருட்டிட்டு?" என்றார் சொரிமுத்து.

"மழை வரும்போல இருக்குல," என்றார் குற்றாலிங்கம்.

மழை வரவில்லை, விடியற்காலைப் பால்காரர்தான் வந்தார். ஆவுடையப்பன் அவரை மனதாரப் பாராட்டினார். "இன்னைக்கு ஏழு மணியே ஆகல, அதுக்குள்ள நாளைக்கு உள்ள பாலைக் கொண்டாந்துட்டீரே. தொழில்னா இப்படில்லா இருக்கணும்!"

மறுபடி மேடத்திடம் போனார்கள். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைப் பொறுப்பான ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் மேடம். பூட்டிவிட்டார்கள். சாவி யாரிடம் இருப்பது என்பதில்தான் விவாதம் வந்தது.

"அண்ணன்கிட்ட இருக்கட்டும்."

"நான் கடைக்குப் போயிருவேனேல. வீட்டுல இல்லாத ஆளுகிட்ட சாவியக் குடுத்து என்ன பிரயோசனம்?"

"மதினிகிட்ட?"

"அவ கோயிலுக்குப் போவா. அவ அம்மா வீட்டுக்குப் போவா."

"அப்போ இந்த வீட்டை விட்டு அசையாத ஆளு யாரு?"

மூவரும் ஆழ்ந்து யோசித்தார்கள். எப்படிப் பார்த்தாலும் தரணீஷ் ஒருவன்தான் தேறினான். சாவியை அவன் கையில் வைத்து அழுத்தினார் குற்றாலிங்கம். "பத்திரம்ல. உள்ள உன் போன் இருக்கு. உங்கிட்ட கூடக் குடுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

மூன்றாவது முறை போனபோது மேடத்தின் குரல் லேசாகக் கம்மியிருந்தது. "சார், நீங்க கடிகாரம், சாவி எல்லாத்தையும் விட்டுடுங்க. அவன் உலகத்துக்குள்ள போங்க. பக்கத்துல உக்காந்து, அங்க என்ன நடக்குதுன்னு அன்பா விசாரிங்க."

குற்றாலிங்கம் அன்றைக்கே மகன் கட்டிலில் போய் உட்கார்ந்தார். அவன் தலையைத் தடவினார்.

"ஏ ராசா, நீ எப்போ சாவ?" என்று வாஞ்சையோடு கேட்டார்.

"தெரியாதுப்பா. என்னைய அவ்வளவு லேசுல ஒருத்தனும் கொல்ல முடியாது."

"ஒருத்தனுமா?" என்றார் அவர்.

"ஒருத்தன் இருக்கான். டெவில் ராஜான்னு பேரு. கீழச்சாலையூர் பேக்கரிக்காரர் மகன் பிரஜித்துதான் அது. அவன் ஒருத்தன்தான் என்னைக் கொல்லுவான்."

மறுநாள் கடையில் அண்டாக்களுக்கு நடுவே கூட்டம் நடந்தது. விஷயத்தைக் கேட்டதும் சொரிமுத்து கரண்டிக் கட்டுக்குள்ளிருந்து பெரியதாக ஒன்றை உருவினார். "நம்ம புள்ளைய ஒருத்தன் கொல்லுதானா? வாங்கண்ணே, ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்."

"பொறுல," என்றார் ஆவுடையப்பன். அவர் பிளஸ் டூ வரை படித்தவர். பரீட்சை மட்டும் எழுதவில்லை. "தரணீஷ் செத்தாத்தான சாப்பிட வாரான்?"

"ஆமா."

"இந்தப் பையன்தான அவனைக் கொல்லுதான்?"

"ஆமா."

"அப்போ இவன் விரோதியா, உபகாரியா?"

மூவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். சொம்பு வாங்க வந்த ஒரு அம்மாள், வீட்டில் யாரோ தவறிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, துக்கம் விசாரிக்கலாமா என்று தயங்கி, பேசாமல் போய்விட்டாள்.

"உபகாரிதான்," என்றார் குற்றாலிங்கம். "எம் புள்ள பட்டினி கிடக்கக் கூடாதுன்னு எங்கிருந்தோ ஒரு புள்ள இவனைக் கொன்னுக்கிட்டு இருந்திருக்கு. நாம ஒரு வாழைப்பழம் வாங்கிக் குடுத்தமா?"

கடையிலேயே நல்லதாக ஒரு எவர்சில்வர் தாம்பாளம் எடுத்தார்கள். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புப் பழமும் வைத்துக்கொண்டு மூவரும் கீழச்சாலையூர் பஸ் ஏறினார்கள். இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரரிடம் குற்றாலிங்கம் பணிவாக விசாரித்தார்.

"தம்பி, எம் மகனைக் கொல்லுத பையன் வீடு எங்க இருக்கு? பேக்கரிக்காரர் மகன். இனிமே கொஞ்சம் சீக்கிரமாக் கொல்லணும்னு சொல்லி தாம்பாளம் கொண்டாந்திருக்கோம்."

ஆட்டோக்காரர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார். "மரியாதை தெரியாத ஊரா இருக்கும்போல," என்றார் சொரிமுத்து.

பேக்கரியைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். முதலாளி தீத்தாரப்பன் கையில் ஒரு கிளாஸ் டீயோடு மாடிப்படி அடியில் நின்றுகொண்டிருந்தார். மகன் மேலிருந்து "ஒரே நிமிஷம்ப்பா" என்று சொன்னதை நம்பிக் காலையிலிருந்து அப்படியே நிற்கிறார். டீயில் ஆடை கட்டி, அதன்மேல் ஈ உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்ததுமே குற்றாலிங்கத்துக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

தாம்பாளத்தை நீட்டினார். "அண்ணாச்சி, நாங்க தரணீஷ் வீட்டுல இருந்து வாரோம். எங்க புள்ளைய தினம் எட்டு மணிக்குள்ள உங்க புள்ள கொன்னு தரணும். தட்டாம ஏத்துக்கிடணும்."

தீத்தாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்டுலயும் இதே கூத்துதான் அண்ணாச்சி. உங்க மகன் கொன்னாத்தான் எம் மகன் எந்திரிச்சு வாரான். நான் வந்து கேக்கணும்னு நெனச்சேன், நீங்க முந்திக்கிட்டிய."

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒருத்தரை ஒருத்தர் கொன்னுக்கிடட்டும்," என்றார் ஆவுடையப்பன். பிளஸ் டூ படிப்பு அந்த இடத்தில் கைகொடுத்தது.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் தீத்தாரப்பன் மனைவி பேச்சியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "இருங்க. எட்டு மணிக்கு எம் மகன் உங்க வேலையைப் பாப்பான். பாத்துட்டு சோறு மட்டும் எங்க வீட்டுல திங்கணுமாக்கும்? நாத்து நட வந்தாலும் சரி, ஓடு மாத்த வந்தாலும் சரி, வேலைக்கு வந்த ஆளுக்கு வேலை குடுத்தவங்கதான சோறு போடணும்?"

குற்றாலிங்கத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. முறை தெரியாத குடும்பம் என்று யாரும் அவரை இதுவரை சொன்னதில்லை. "நீங்க சொல்லுததுதான் நியாயம் தாயி. உங்க புள்ளைக்கு இனிமே எங்க வீட்டுலதான் சாப்பாடு."

"அப்போ உங்க புள்ளைக்கு இங்க. அவனும் எங்களுக்காகத்தான கொல்லப் போறான்?" என்றார் தீத்தாரப்பன்.

இரண்டு வீட்டிலும் பிள்ளைகளிடம் சொன்னார்கள். இருவரும் போனிலிருந்து தலையைத் தூக்காமலே "சரி" என்றார்கள். ஒரே சொல்லில் பிள்ளைகள் பேச்சைக் கேட்டதை நினைத்து இரு வீட்டாரும் பூரித்துப் போனார்கள்.

அன்று சாயங்காலம் தரணீஷ் கீழச்சாலையூருக்கும் பிரஜித் புன்னைவிளைக்கும் பஸ் ஏறினார்கள். ஆற்றுப் பாலத்தில் இரண்டு பஸ்ஸும் ஒன்றையொன்று கடந்தன. இருவருமே நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்குக் குற்றாலிங்கம் வீட்டுக் கூடத்தில் டுமீல் என்றது. பிரஜித் போனை வைத்துவிட்டுக் கையைக் கழுவி, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிரமு சோறு போட்டாள். பையன் நல்ல பசியோடு சாப்பிட்டான். சாப்பிடும்போதே கையை நீட்டி, குற்றாலிங்கம் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து நொறுக்கினான்.

"ஏல, ஏல," என்று தட்டிவிட்டவர், உடனே எழுந்து போய்க் கீழச்சாலையூருக்குப் போன் போட்டார்.

"எம் புள்ள செத்துட்டானா அண்ணாச்சி?"

"எட்டு மணிக்கு டான்னு செத்துட்டான். இந்தா, என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுதான்."

"அப்பளம் எடுக்கானா?"

"என் தட்டுலருந்துதான் எடுக்கான்."

குற்றாலிங்கம் போனை வைத்துவிட்டு அழுதார். "நம்ம புள்ள நேரத்துக்குச் சாப்பிட வந்துட்டான் பிரமு. ஒரே ஒரு குறை. அவன் வாரப்போ நான் பக்கத்துல இல்ல."

"இதுக்கா அழுவாவ?" என்றார் ஆவுடையப்பன். "நீங்க எட்டு மணிக்குக் கீழச்சாலையூர்ல இருங்க. தீத்தாரப்பன் இங்க வரட்டும். அவரு மகன் இங்கதான சாப்பிடுதான்?"

"அப்போ நான்?" என்றாள் பிரமு.

"நீங்களும் போங்க மதினி. நாங்களும் வாரோம். பேச்சியம்மா இங்க வந்து பொங்கட்டும்."

"எல்லாரும் போயிட்டா வீட்டுச் சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று கேட்டார் சொரிமுத்து.

"வீட்டுல இருக்கப்போற ஆளுகிட்டதான். தீத்தாரப்பன்கிட்ட குடுத்துருவோம்."

மறுநாள் எட்டு மணிக்கு, கீழச்சாலையூரில், தீத்தாரப்பன் வீட்டுப் பாயில், தீத்தாரப்பன் தட்டை வைத்துக்கொண்டு குற்றாலிங்கம் உட்கார்ந்திருந்தார். அறைக்குள் டுமீல் என்றது. தரணீஷ் செத்து, கை கழுவி, அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்தான்.

குற்றாலிங்கம் அவன் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"அந்த மேடம் சும்மா சொல்லல பிரமு. அவன் உலகத்துக்குள்ள போங்க, போங்கன்னு சொன்னப்போ எவ்வளவு தூரமோன்னு பயந்துட்டேன். பஸ்ஸுல அரை மணி நேரம்தான்."