சேவுகன் பேர் வந்த பாட்டு

"பேரைச் சொல்லிப் பாடலாமா, அண்ணாவி?" என்று சந்தனமாரி கேட்டாள்.

மாயழகு அண்ணாவி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். நாற்பது வருசமாகத் தானே பாட்டுக் கட்டித் தானே பாடுகிறவர் அவர். அந்தப் பக்கத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களில் அவர் குரல் கேட்காத மேடை குறைவு. சந்தனமாரிக்கு வயது நாற்பத்திரண்டு. தையல் கடையை மூடிவிட்டு வந்து ஆறு வருசமாக அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறாள். முதன்முதலாக இப்போதுதான் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறாள்.

அது செத்துப்போன அவள் தம்பி வீரணனைப் பற்றிய பாட்டு. பங்குனி மாதம் அவனைப் பாம்பு கடித்தது. பக்கத்து ஊர் துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. நர்ஸ் கற்பகம் இல்லை. டவுனுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவன் அடங்கிவிட்டான்.

"இன்னொரு தரம் பாடு" என்றார் அண்ணாவி.

அவள் பாடினாள்.

*கடிபட்ட தம்பி வந்தான், கைகால் நடுங்க வந்தான்,*
*கதவடைச்சுப் போனவளே, கல்நெஞ்சுக் கற்பகமே...*

அண்ணாவியின் கை தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. கடைசி அடியில் நின்றுவிட்டது.

"நல்லா வந்திருக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோசம் இல்லை.

"நாளன்னிக்குக் கருங்குளத்துப்பட்டிக் கொடை. அவ குடியிருக்கிற ஊரு. அங்கேயே பாடப்போறேன்."

"நாளைக்குக் காலையில என்கூட ஒரு ஊருக்கு வா."

"எதுக்கு?"

"வா, தாயி."

பஸ்ஸில் யாரோ ஒருவருடைய செல்போனில் அண்ணாவியின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழநெடுவயல் கண்மாய் உடைந்த பாட்டு. முப்பது வருசத்துக்கு முன்னால் ஒரு ராத்திரியில் கரை உடைந்து நாலு பேரை வெள்ளம் கொண்டுபோனது. அவரைப் பெரிய பாட்டுக்காரர் ஆக்கியது அந்தப் பாட்டுதான்.

*சாராயம் உள்ளிறங்கச் சாஞ்சு கெடந்தானே,*
*சனமெல்லாம் தண்ணியில சேவுகனத் தேடையிலே...*

சேவுகன் அந்தக் கண்மாயின் மடைக்காரன். மழைக்காலத்தில் மடையைத் திறந்துவிடுவது அவன் பொறுப்பு. பாட்டு பரவிய பிறகு அவன் பேரே ஒரு வசவு ஆகிப்போனது. விடிந்தும் எழுந்திருக்காத பிள்ளையை, "சேவுகனுக்குப் பொறந்தவனே, எந்திரிடா" என்று தாய்மார்கள் அந்தப் பக்கம் திட்டுவார்கள். சந்தனமாரியும் திட்டியிருக்கிறாள்.

பஸ்ஸில் நாலைந்து பேர் கூடச் சேர்ந்து பாடினார்கள். சந்தனமாரியும் பெருமையோடு சேர்ந்துகொண்டாள். அண்ணாவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முள்ளிக்குடியிருப்பில் இறங்கினார்கள். உப்பளத்தை ஒட்டிய ஊர். கடைசி வீட்டு வாசலில் ஒரு நடுவயதுப் பெண் விறகு பிளந்துகொண்டிருந்தாள். அண்ணாவியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கோடரி கையிலேயே இருந்தது.

"போஸ்டர்ல பாத்த மூஞ்சிதான்" என்றாள். "அங்கேயே நில்லுங்க."

"அப்பாவைப் பாக்கணும், ராக்கு."

"எம் பேரைச் சொல்லாதீங்க. உங்க வாயில எங்க வீட்டுப் பேரு ஒண்ணு போனது போதும்."

சந்தனமாரிக்கு அப்போதுதான் அது யார் வீடு என்று உறைத்தது. அண்ணாவியின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் நகரவில்லை.

"யாரு ராக்கு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

அண்ணாவியே சொன்னார்.

"மாயழகு. பாட்டுக்காரன்."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. பிறகு, "உள்ள விடு" என்றது குரல்.

சேவுகன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கும் உடம்பு. இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ராக்கு கோடரியைக் கீழே வைக்காமல் நிலைப்படியில் நின்றுகொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"நீங்க அன்னிக்குக் குடிக்கலை. விடியவிடிய மடைமேலதான் நின்னீங்க. ஷட்டர் துருப்பிடிச்சு மாட்டிக்கிச்சு. சங்கிலி அறுந்துபோச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"எனக்கே சொல்றியா?" என்றார் கிழவர்.

அண்ணாவி தலையைக் குனிந்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பாட்டுக் கட்டின மறுவருசம். ஷட்டரைக் கழட்டின கொத்தனார் சொன்னார்."

"அதுக்கப்புறம் பாடலையாக்கும்?"

"பாடினேன். மேடைக்கு மேடை அதைத்தான் கேட்டாங்க. நானும் பாடினேன்."

சந்தனமாரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வருசம் அவர் பக்கத்தில் நின்று அவளும் அந்த அடியைப் பாடியிருக்கிறாள்.

"குடின்னு எதுக்குய்யா சொன்ன? தூங்கிட்டான்னு சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்ல" என்றார் கிழவர்.

"ஊர்ல அப்படித்தான் பேசிக்கிட்டாங்க. சேவுகன்னு பேரு. மோனைக்குச் சாராயம்னு வார்த்தை தானா வந்து பக்கத்துல உக்காந்துக்கிச்சு. அடி நல்லா விழுந்துச்சு. அப்படியே விட்டுட்டேன்."

கிழவர் கட்டில் கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"பாடு."

"என்னங்கய்யா?"

"எம் பாட்டைத்தான். ஊர் பாடிக் கேட்டிருக்கேன். கட்டினவன் வாயால கேட்டதில்ல. பாடு."

"அப்பா, வேணாம்" என்றாள் ராக்கு.

"பாடுய்யா."

அண்ணாவி பாடத் தொடங்கினார். மழை கருக்கட்டியது, கண்மாய் ததும்பியது, நாய்கள் ஊளையிட்டது எல்லாம் வந்தது. சேவுகனின் அடி வரும் இடத்தில் நிறுத்திவிட்டார். மறுபடி எடுத்தார். மறுபடியும் அங்கேயே நிறுத்தினார்.

கிழவரே அந்த அடியைப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. *சாராயம் உள்ளிறங்கச் சாஞ்சு கெடந்தானே...*

"நல்ல பாட்டுய்யா" என்றார். "எம் பொண்டாட்டியே நம்பிட்டா."

"ஐயா..."

"அன்னிக்கு மடையில எனக்கு அரிக்கேன் வெளக்குப் பிடிச்சவ அவதான். கூடவே நனைஞ்சவ. ஊரைவிட்டு வந்து பன்னெண்டு வருசம் எனக்காகச் சண்டை போட்டா, நாங்க போற எடமெல்லாம் பாட்டும் வந்துச்சு. சாகப்போற அன்னிக்கு எங்கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்குறா: 'நெசமாச் சொல்லுங்க, அன்னிக்குக் குடிச்சிருந்தீங்களா?'"

ராக்குவின் கையிலிருந்து கோடரி நழுவி மண்ணில் விழுந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். இந்தச் சேதி அவளுக்கும் புதிது.

"அடியை மாத்திக் கட்டியிருக்கேன்" என்றார் அண்ணாவி. "நாளைக்குக் கொடையில பாடுவேன்."

"பாடு" என்றார் கிழவர். "அதுக்கென்ன."

மறுநாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் கருங்குளத்துப்பட்டிக் கோயில் திடலில் மேடை ஏறினார்கள். கூட்டம் தெருமுனை வரை நின்றது. முன்வரிசையில் நர்ஸ் கற்பகத்தைச் சந்தனமாரி பார்த்துவிட்டாள். கற்பகத்தின் மடியில் ஒரு கைக்குழந்தை இருந்தது.

மூன்றாவது பாட்டிலேயே கூட்டம் கேட்டுவிட்டது. "கண்மாய்! கண்மாய்ப் பாட்டு!"

அண்ணாவி மைக்கைப் பிடித்தார். "இந்தப் பாட்டுல நான் ஒரு பொய்யைச் சொல்லிட்டேன். தெரிஞ்சேதான் இத்தனை வருசமும் பாடினேன். இன்னிக்கு மாத்திப் பாடுறேன்" என்றார்.

கூட்டம் சிரித்தது. ஏதோ வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டது.

அந்த இடம் வந்ததும் அவர் புது அடியை எடுத்தார்.

*ஷட்டர் துருவேறிச் சங்கிலியும் அத்துப்போக,*
*சாமம் முழுக்க நின்னான் மடைமேல சேவுகனே...*

அவர் பாடியது அவருக்கே கேட்கவில்லை. ஆயிரம் தொண்டை ஒன்றாக எழும்பி, சாராயம் உள்ளிறங்க என்று கைதட்டிப் பாடியது. சந்தனமாரி அவரோடு சேர்ந்து புது அடியைக் கத்தினாள். அண்ணாவி மைக்கில் வாயை வைத்துத் திரும்பவும் பாடினார். கூட்டம் இன்னும் உயர்த்திப் பாடியது. மூன்றாம் தரம் பாடியபோது, "ஏய், ஒழுங்காப் பாடுய்யா!" என்று ஒருவன் எழுந்து கத்தினான். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் நெஞ்சில் பட்டது.

கமிட்டிக்காரர்கள் ஓடிவந்து மேளத்தை அடிக்கச் சொன்னார்கள். அண்ணாவி மேடையின் பின்பக்கம் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை நனைந்திருந்தது. சந்தனமாரி அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"அடுத்து சந்தனமாரி!" என்று மைக்கில் கூப்பிட்டார்கள்.

அவள் நகரவில்லை.

"சந்தனமாரி அக்கா, மேடைக்கு வாங்க!"

"அண்ணாவி, அவ முன்னாலயே உக்காந்திருக்கா" என்றாள். "பூட்டியிருந்தது நெசம். நானே கதவைத் தட்டினேன். பொய் இல்ல. நான் பாடவா, வேணாமா?"

அண்ணாவி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் பூட்டிட்டுப் போனன்னு அவகிட்டக் கேட்டியா?"

"இல்ல."

"நானும் சேவுகன்கிட்டக் கேக்கலை, தாயி."