நகராத சிவப்பு

செங்கோடன் தள்ளிய வேகத்தில் ஸ்டூடியோவின் கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் திரும்பியது.

"டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்த வித்தையால என் மானம் போச்சுங்க!"

பெனாசிர் கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்கு முப்பது வயது. ஞாயிறுதோறும் அந்த ஸ்டூடியோவில், படம் எடுக்கவும் எடுத்த படத்தைத் திருத்தவும் சொல்லிக் கொடுத்தாள். மாணவர்களில் மூத்தவர் செங்கோடன். ஐம்பது தாண்டிய விவசாயி.

கல்யாண வீட்டில் படம் எடுத்துச் சம்பாதிக்க அவர் கேமரா வாங்கவில்லை. அவர் தோட்டத்தை ஒட்டிக் கரிச்சியோடை ஓடுகிறது. மழை பிடிக்கும் நாளாகப் பார்த்து, மேட்டிலிருந்த சாயப்பட்டறைக்காரர்கள் கழிவை அதில் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து அவருடைய சினைமாடு செத்தது. அவர் புகார் கொடுத்தார். பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். "இதை எங்க பிடிச்சீங்கன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அதிகாரி. அதன் பிறகுதான் கேமரா.

"உக்காந்து சொல்லுங்கண்ணா."

"உக்கார முடியலைங்க."

நின்றபடியே சொன்னார். மழை மூட்டத்தில் எடுத்த படம். குழாய் வாயிலிருந்து சிவப்பாக விழுந்த தண்ணீர் அதில் இருந்தது. கூடவே, இருட்டில் எடுத்த படங்களில் வருமே, அந்தப் பொடிப் புள்ளிகளும் இருந்தன. சிவப்பு, பச்சை, நீலம். படம் முழுக்கச் சாயப்பொடி தூவியது போல.

"அதை அந்த அதிகாரிகிட்ட காட்டினேன். 'தென்னை மரத்துலயும் செவப்புத் தெரியுதே, மரத்துக்கும் சாயம் போட்டாங்களா'ன்னு கேட்டாரு. பட்டறை மேனேஜர் பக்கத்துலயே உக்காந்து சிரிக்கிறான்."

"சரி."

"வீட்டுக்கு வந்து, நீங்க காட்டின மாதிரி கலர் நாய்ஸை, அதாங்க அந்தப் புள்ளிகளை, குறைச்சேன். அந்தப் பட்டனைக் கடைசி வரைக்கும் தள்ளினேன். புள்ளி ஒண்ணுகூட இல்லாம போச்சு. இன்னைக்குக் கொண்டுபோய்க் காட்டினா, 'தண்ணி நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் புகார்?'ங்கிறாரு!"

படத்தை மேசைமேல் போட்டார். பெனாசிர் எடுத்துப் பார்த்தாள். புள்ளிகளோடு சிவப்பும் போயிருந்தது. குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ வழிந்தது.

"துடைக்காம விட்டா பொய்ங்கிறாங்க. துடைச்சா இல்லவே இல்லைங்கிறாங்க. நான் என்னதாங்க பண்றது?"

பெனாசிர் எழுந்து கதவைச் சாத்தி, விளக்குகளை அணைத்தாள். ஜன்னல் இடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. சாம்பல் நிறத் துணி ஒன்றை நாற்காலியில் விரித்து, அதன்மேல் சிவப்பு நூல் ஒன்றைப் போட்டாள். கேமராவை ஸ்டாண்டில் பூட்டினாள்.

"எடுங்க."

எடுத்தார்.

"அசைக்காம இன்னொண்ணு."

இரண்டு படங்களையும் கணினியில் அருகருகே வைத்துப் பெரிதாக்கினாள். இரண்டிலும் புள்ளிகள் மொய்த்தன.

"முதல் படத்துல இந்த மூலையில ஒரு பச்சைப் புள்ளி இருக்கா?"

"இருக்குங்க."

"ரெண்டாவதுல?"

செங்கோடன் குனிந்து பார்த்தார். "காணோம். அங்க நீலம் இருக்குது."

"நூல்?"

"நூல் அங்கயேதாங்க இருக்கு."

அவர் மறுபடி முதல் படத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவதை.

"இதே மாதிரி நிறைய எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினா, இடம் மாறுற புள்ளி தன்னால கரைஞ்சிடும், மாறாதது நிக்கும்" என்றாள் பெனாசிர். "பட்டனைத் தள்ளவே வேண்டாம். நீங்க ஓடையில எத்தனை எடுத்தீங்க?"

"ஒண்ணுதாங்க. காவக்காரன் கத்தினான், ஓடியாந்துட்டேன்."

"அப்ப மறுபடி போகணும்."

அவருக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க டீச்சர், விஷத்தைத் திறந்து விடறவன் வீட்டுல உக்காந்திருப்பான். மாட்டைப் பறிகொடுத்தவன் மழையில போய் நிக்கணுமா? இது என்ன நியாயங்க?"

"நியாயமே இல்ல" என்றாள் அவள். ஸ்டாண்டை மடக்கி அவர் கையில் கொடுத்தாள்.

அடுத்த மழைக்கு அவர் போனார். ஓடைக்கு இந்தப் பக்கம், தன் வரப்பிலேயே ஸ்டாண்டை ஊன்றி, கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றினார். குழாய் திறந்தது. காவல்காரன் அக்கரையிலிருந்து கத்தினான். பிறகு தண்ணீரில் இறங்கி வந்து சட்டையைப் பிடித்தான்.

"இது என் நிலம். கையை எட்றா!"

அவர் குரலைக் கேட்டு அடுத்த தோட்டத்துக்காரர்கள் குடையோடு வரப்புக்கு வந்தார்கள். காவல்காரன் கையை எடுத்தான். செங்கோடன் ஒரு கையால் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கேமராவை அமுக்கிக்கொண்டே இருந்தார். குழாய் நிற்கும் வரை அவரும் நின்றார்.

அவர் எடுத்து வந்த படங்களைப் பெனாசிர் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொரு படமும் சேரச் சேர, புள்ளிகள் மங்கின. தென்னை பச்சையானது. வானம் கறுத்தது. குழாய் வாயில் மட்டும் சிவப்பு, வெட்டுக்காயம் போல.

அதிகாரி இந்த முறை கேலி செய்யவில்லை. படத்தை வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் ஆட்களோடு வந்து குழாயை அடைத்து, பட்டறைக்குச் சீல் வைத்தார்.

அன்று மாலை செங்கோடன் ஸ்டூடியோவுக்கு வந்தார். இனிப்பு எதுவும் கொண்டுவரவில்லை. இந்த முறை உட்கார்ந்தார்.

"ஜெயிச்சுட்டீங்கண்ணா" என்றாள் பெனாசிர்.

"என்னத்தைங்க ஜெயிச்சேன்? வாயால சொன்னேன், நம்பலை. மாடு செத்துக் கிடந்துச்சு, நம்பலை. சீல் வச்சுட்டுக் கிளம்பறப்ப அந்த அதிகாரி என் தோள்ல தட்டி, 'இனியாவது கோவத்தைக் குறைச்சுக்கங்க பெரியவரே'ன்னுட்டுப் போறாரு."

அவள் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"வீட்டுலயும் அதையேதான் சொல்றாங்க. எனக்குத்தான் அடங்க மாட்டேங்குது. முதல் நாள் இருந்த மாதிரியே இருக்குது." அவர் கணினியைக் கைகாட்டினார். "எல்லாத்தையும் துடைக்கறீங்களே டீச்சர், இதைத் துடைக்க ஏதாவது வழி இருக்குதுங்களா?"

பெனாசிர் அவர் எடுத்த படங்களைத் திரையில் திறந்தாள்.

"முதல் படத்துலயும் இருந்துச்சு, கடைசிப் படத்துலயும் இருந்துச்சு. அதை எப்படிண்ணா நான் துடைக்கிறது?"